பூக்களின் பள்ளத்தாக்கு: மகளோடு ஒரு நடை

முதல் நாள் – ரிஷிகேஷ் முதல் ஜோஷிமட் வரை

இருட்டோடு ரிஷிகேஷில் கிளம்பி, பொழுது சாயும் நேரத்துக்கு ஜோஷிமட் வந்து சேர்ந்திருக்கிறோம். தூரம் என்னவோ 250 கிலோமீட்டர்தான். ஆனால் இது ஆகஸ்ட், மழைக்காலம். மலைச்சரிவிலிருந்து மண்ணும் கல்லும் சாலையில் இறங்கிக் கிடக்கும், ஜேசிபி வந்து ஒதுக்கும் வரைக்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாக நகரும். அப்படி நின்று நின்று வந்ததில் பகல் முழுக்கப் போய்விட்டது.

நாங்கள் போகிற இடம் உத்தராகண்டில் சமோலி மாவட்டத்தில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு. புல்னா என்ற ஊர் வரைக்கும்தான் வண்டி போகும். அங்கிருந்து காங்ரியா வரை கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் ஏற்றம். காங்ரியாவில் தங்கி, காலையில் பள்ளத்தாக்குக்குள் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு இது பெரிய நடை இல்லை. என் மகள் நடக்கப் போவது, எடுத்துவிடலாமா என்று ஒரு கட்டத்தில் டாக்டர்கள் கேட்ட காலோடு. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

விபத்து நடந்தபோது அவளுக்கு 24 வயது. ஸ்கூட்டரில் போனவளை லாரி ஒன்று இடித்துத் தள்ளியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே மண் புகுந்து சீழ் பிடித்தது. கிருமி பிடித்துச் செத்துப்போன எலும்பை வெட்டி எடுத்த பிறகு பார்த்தால் நடுவில் ஆறு சென்டிமீட்டருக்கு எலும்பே இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தலாம், சில மாதத்தில் நடக்கலாம். இல்லை, எலும்பை வளர்த்துப் பார்க்கலாம், அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், நிச்சயம் சொல்ல முடியாது. நானும் அவள் அப்பாவும் வாயடைத்து நின்றோம். படுக்கையில் இருந்த அவள்தான், "ஒரு வருஷத்துக்கு மேலன்னா எவ்வளவு?" என்று கேட்டாள். டாக்டர் ஒன்றரை வருஷம்கூட ஆகலாம் என்றார். "சரி, ஆரம்பிங்க" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தவர்களை நான் அந்த வார்டிலேயே பார்த்திருக்கிறேன். செயற்கைக் காலோடு எங்களுக்கு வெகு முன்பே நடந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த முடிவுக்கும் இதே அளவு துணிச்சல் வேண்டும். என் மகள் தேர்ந்தெடுத்தது இந்த வழி, அவ்வளவுதான்.

இன்று வந்த சாலை அலக்நந்தாவின் கரையோடு போகிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலக்கும் இடத்தை மேலிருந்தே பார்க்கலாம். அங்கிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாகக் கடந்தோம். வண்டி எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் இவள் இறங்கிவிடுவாள். உட்கார்ந்தே இருந்தால் அவளுடைய கணுக்கால் இறுகிவிடும். ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ என்று எழுதுவாள். எல்லாப் பக்கமும் கணுக்கால் அசையட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது. ஆங்கில எழுத்து எழுதத்தான் சொன்னார். இவள்தான் தமிழ் எழுத்தில் சுழி அதிகம், அதனால் பலனும் அதிகம் என்று மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஔ வரைக்கும் முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

இரண்டாம் நாள் – ஜோஷிமட்

இன்று எங்கும் போகவில்லை. இந்த ஊரே கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். நாளை 3,000 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கப் போகிறோம், உடம்பு கொஞ்சம் பழகட்டும் என்று தங்கிவிட்டோம். 2023 ஜனவரியில் நிலம் கீழிறங்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டதே, அதே ஜோஷிமட்தான். காலையில் சரிவான தெருக்களில் சும்மா நடந்தபோது சில சுவர்களில் அந்த விரிசல்களைப் பார்த்தோம்.

நேரம் கிடைத்திருப்பதால் அந்த எலும்பு எப்படி வளர்ந்தது என்று எழுதுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் நாளைய நடை எனக்கு என்ன என்பது புரியும்.

இலிசரோவ் என்பார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து காலின் ஒரு பக்கம் நுழைந்து எலும்பைத் துளைத்து மறுபக்கம் வெளிவரும் மெல்லிய கம்பிகள், வளையங்களை இணைக்கும் மரை போட்ட தண்டுகள். 1950-களில் சைபீரியாவில் கூர்கன் என்ற ஊரில் கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டர் உருவாக்கிய முறை. உடைந்த எலும்பை நெருக்கிச் சேர்ப்பதற்காக அவர் செய்த கருவி அது. ஒரு நோயாளி நட்டைத் தவறான பக்கம் திருகியதில் எலும்பு நெருங்குவதற்குப் பதில் விலகிவிட்டதாம், எக்ஸ்ரேயில் பார்த்தால் விலகிய இடைவெளியில் புது எலும்பு! இப்படித்தான் விஷயம் பிடிபட்டது என்று சொல்வார்கள். எலும்பை நல்ல இடத்தில் வெட்டிவிட்டு, சில நாள் விட்டு, மெதுவாக இழுத்தால், உடம்பு அந்த இடைவெளியைத் தானே எலும்பால் நிரப்பும். வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, மிக மெதுவாக இழுத்தால் சீக்கிரமே கூடி இறுகிவிடும், அப்புறம் இழுக்க முடியாது. சரியான வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் ஒரே தடவையில் இழுக்கக் கூடாது, கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை.

அந்த நான்கு வேளையும் எங்கள் வீட்டில் நட்டைத் திருகியது நான். பத்தாம் நம்பர் ஸ்பேனர். மரைத்தண்டில் ஒரு முழுச் சுற்று ஒரு மில்லிமீட்டர், ஆகவே கால் சுற்று. நட்டின் நான்கு பக்கத்தில் ஒன்றில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தோம், எந்த வேளைக்குப் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் சில நாட்கள் என் கை நடுங்கும். அவள், "அம்மா, நட்டைப் பாரு, என் முகத்தைப் பார்க்காத" என்பாள். முகத்தைப் பார்க்காதே என்று அவள் சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும். இழுபடும்போது எலும்பை விட நரம்பும் சதையும் தோலும்தான் அதிகம் வலிக்குமாம். கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், காய்ந்த பொருக்கை எடுக்க வேண்டும், சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து அந்த வேலையை என்னிடமிருந்து வாங்கி அவளே செய்யத் தொடங்கினாள்.

இழுத்து முடிக்க இரண்டு மாதம். இழுத்த இடம் கெட்டியாக அதைவிடப் பல மடங்கு காலம். முதல் எக்ஸ்ரேக்களில் அந்த இடைவெளியில் ஒன்றுமே தெரியாது, அப்புறம் ஒரு நாள் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல், அடுத்த மாதம் அதில் கோடுகள். டாக்டர் பேனா நுனியால் அந்தக் கோடுகளைக் காட்டி "இதுதான் புது எலும்பு" என்றபோது, அவள் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். இன்றும் அவள் போனின் முகப்பில் இருப்பது அந்தப் படம்தான்.

வளையம் கழற்றியபோது உள்ளே ஒரு கம்பிகூட மிச்சம் இல்லை. இந்தப் பயணத்தில் விமான நிலையச் சோதனையில் கருவி சத்தமே போடவில்லை. "எல்லாம் என் சொந்த எலும்பு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் – புல்னாவிலிருந்து காங்ரியா

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் 20 கிலோமீட்டர். 2013 ஜூன் வெள்ளத்தில் ஆறு அடித்துக்கொண்டு போன இடங்களில் இதுவும் ஒன்று. அங்கே ஜீப் மாறி நான்கு கிலோமீட்டரில் புல்னா. இறங்கியதுமே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஹேம்குண்ட் சாகிப் போகும் சீக்கிய யாத்ரீகர்களுக்கும் இதே வழி என்பதால் எப்போதும் கூட்டம். இவள் கையில் இரண்டு ஊன்றுகோலைப் பார்த்ததும் எல்லோரும் எங்களிடமே வந்தார்கள். "பைதல்" (நடந்துதான்) என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

பாதை கல் பாவியது. சில இடத்தில் படி, சில இடத்தில் வெறும் சரிவு. அவளுக்குப் படி பரவாயில்லை, சரிவுதான் சிரமம். காரணம் கணுக்கால். இத்தனை மாதம் வளையத்தில் கிடந்ததில் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் சுருங்கி, பாதம் மேல்நோக்கி அதிகம் மடங்காது. சரிவில் நேராக ஏறினால் குதிகால் தரையில் படியாது, முன்பாதத்தில் முழு எடையும் இறங்கும், பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் இவள் நேராக ஏறுவதில்லை. பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்காக நடக்கிறாள், அங்கே திரும்பி மறுபடி இந்த ஓரம். நடக்கும் தூரம் கூடுகிறது, ஆனால் பாதம் முழுதாகப் பதிகிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டருகே இருந்த சிறிய மேட்டில் தானே நடந்து பார்த்துக் கண்டுபிடித்தது.

படி வந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இது பிசியோதெரபியில் முதலில் சொல்லித் தருவது. நல்ல கால்தான் உடம்பைத் தூக்க வேண்டும், இறக்கவும் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அவள் இப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். மற்றவர்களைப் போல மாறி மாறித்தான் ஏறுகிறாள். உயரமான படி வந்தால் மட்டும் ஒரு நொடி நின்று, ஊன்றுகோல் இரண்டையும் மேல் படியில் வைத்து, வலது காலைத் தூக்குகிறாள். அந்த ஒரு நொடி நிற்பதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுத் தரையில் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன் மேல் இடது பாதத்தை ஊன்றி, முள் 10 கிலோவைத் தொடும் வரைக்கும் அழுத்து, அதற்கு மேல் கூடாது என்று பழகிய நாட்களில் முகம் எப்படி இருக்குமோ, அப்படியேதான் இருந்தது. அடுத்த வாரம் 15, அப்புறம் 20. முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன நாளில், பழக்கத்தில் அவள் மெஷினில்தான் போய் நின்றாள்.

பியூண்டார் கிராமம் தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்த பிறகுதான் நிஜமான ஏற்றம். பாதையை வெள்ளத்துக்குப் பிறகு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் விடாமல் ஏறுகிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது. குதிரைச் சாணமும் சேறும் கல்லும் சேர்ந்து வழுக்கும் இடத்தில் நான் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனேன். "அம்மா, பிடிச்சா எனக்குத் தரை தெரிய மாட்டேங்குது. நீ முன்னாடி போ, நான் வரேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, வேலையில் இருக்கும் ஒருவர் சொல்வது போலச் சொன்னாள். நான் முன்னால் போனேன்.

எங்களோடு ஜீப்பில் வந்தவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். காங்ரியாவின் முதல் கட்டடங்கள் தேவதாரு மரங்களுக்கு நடுவே தெரிந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் ஊர் எல்லையில் நின்று திரும்பிப் பார்த்தேன். மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, அந்த ஓரமும் இந்த ஓரமுமாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் நொண்டல் கூடவில்லை. என் மகள். எங்கே வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், அவள் என் மகள்.

நான்காம் நாள் – பள்ளத்தாக்குக்குள்

காலை ஏழு மணிக்கு வனத்துறைச் சாவடி திறக்கும்போதே நின்றோம். காங்ரியாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை பிரிகிறது. வலது பக்கம் ஹேம்குண்ட், இடது பக்கம் பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் குதிரை கிடையாது, கூட்டமும் கிடையாது. புஷ்பாவதி ஆற்றுப் பாலம் வரைக்கும் இறக்கம், அப்புறம் பூர்ஜ மரங்களுக்கு இடையே செங்குத்தான ஏற்றம். மரங்கள் முடிந்து பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் இவள் நின்றுவிட்டாள். எதிரே ரதபன் சிகரம் மேகத்தில் பாதி மறைந்திருந்தது, கீழே பச்சையும் ஊதாவும் வெளிர்சிவப்பும்.

1931-ல் பிராங்க் ஸ்மைத்தும் கூட்டாளிகளும் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் இங்கே வந்து இறங்கினார்கள். இந்த இடத்துக்குப் பூக்களின் பள்ளத்தாக்கு என்ற பெயர் அவரால் வந்தது. 2005-ல் நந்தாதேவி பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 87 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, மனிதர் நடக்க இருப்பது ஒற்றையடிப் பாதை ஒன்றுதான்.

வெளிர்சிவப்பு காசித்தும்பை வகை ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து பாதையை இரண்டு பக்கமும் மூடியிருந்தது. எனக்குப் பெயர் தெரிந்த பூக்கள் குறைவு, இவள் ஊரிலிருந்தே படித்துவிட்டு வந்திருக்கிறாள். நீல பாப்பி ஒன்று பாறை ஓரமாக நின்றது. அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றாள். குனிந்தால் போதாது, உட்கார வேண்டும். அவளால் குந்த முடியாது, கணுக்கால் அவ்வளவு மடங்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு வழி செய்தாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இடது காலை நேராகப் பக்கவாட்டில் நீட்டி, வலது முழங்காலை மட்டும் மடக்கித் தரையில் இறங்கினாள். தண்டிலும் இலையிலும் முள் முள்ளாக இருந்தது, இதழோ வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு, நடுவில் மஞ்சள் மகரந்தம், இதழில் மழைத்துளி அப்படியே நின்றிருந்தது. "இவ்வளவு மெல்லிசா வச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல நிக்குது பாரும்மா" என்றாள். நான் பூவைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அவள் பேன்ட் கால் மேலேறி, கம்பி நுழைந்து வெளிவந்த வட்ட வட்டத் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. தோல் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பளபளப்பாக, முடி இல்லாமல். ஒரு காலத்தில் அதை மூடியே வைத்திருப்பாள்.

உள்ளே இன்னும் போனால் ஜோன் மார்கரெட் லெக் என்பவரின் கல்லறை. 1939-ல் இங்கே செடிகள் சேகரிக்க வந்த இங்கிலாந்துப் பெண். பாறைச் சரிவில் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். பிறகு அவருடைய சகோதரி இங்கே வந்து நினைவுக்கல் வைத்திருக்கிறார். அதில் 121-ஆம் சங்கீதத்தின் முதல் வரி பொறித்திருக்கிறது, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் அந்த வரி. கல்லின் முன்னால் மகள் வெகுநேரம் நின்றாள். எனக்கு அந்தச் சகோதரிதான் மனதில் நின்றார். விழுந்த இடத்தைத் தேடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். விபத்து நடந்த அன்று ராத்திரி அறுவை அறைக்கு வெளியே இருந்தபோது, நானும் அப்படி ஒரு பயணம் போக வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு நான் போவது வேறு பயணம்.

திரும்பும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு, கார்லோ மௌரி கதையைச் சொன்னாள். வளையத்தோடு படுத்திருந்த நாட்களில் படித்தது. இத்தாலிய மலையேறி. 1958-ல் வால்டர் பொனாட்டியோடு சேர்ந்து நான்காம் காஷர்ப்ரும் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர். அப்புறம் பனிச்சறுக்கில் கால் முறிந்து சரியாகச் சேராமல், ஏறக்குறைய 20 வருஷம் அந்தக் காலோடே இழுத்துக்கொண்டு உலகம் சுற்றினார். நாணல் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய ரா குழுவில்கூட இருந்தார். அந்தக் குழுவில் இருந்த ரஷ்ய டாக்டர் மூலமாகத்தான் கூர்கனைப் பற்றித் தெரிந்து, 1980-ல் இலிசரோவிடம் போய்ச் சரியாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இத்தாலி டாக்டர்கள் இலிசரோவை அழைத்துப் பேசச் சொல்ல, இந்த முறை மேற்கு நாடுகளுக்குப் போனது. அவருக்கும் முன்பே வலேரி புருமெல். 1963-ல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்த உயரம் தாண்டும் வீரர், 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு, பல அறுவைகளுக்குப் பிறகு இலிசரோவிடம் போய், மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டியவர்.

"அவங்கல்லாம் பெரிய ஆளுங்க, நான் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் ஆளு" என்றாள். அந்த மில்லிமீட்டரை ஒவ்வொரு நாளும் உடன் இருந்து பார்த்தவள் நான். அவர்கள் யாருக்கும் என் மகள் குறைந்தவள் இல்லை.

ஐந்தாம் நாள் – ஹேம்குண்ட் பாதை

இன்று ஹேம்குண்ட் ஏரிக்குப் போவதாகத் திட்டம். காங்ரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், அதற்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கே தங்க முடியாது, மதியத்துக்குப் பிறகு எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

பாதி வழி வரைக்கும் நன்றாகத்தான் ஏறினாள். மேகம் எங்களுக்குக் கீழே போய்விட்டிருந்தது. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து, ஷூ நாடாவைத் தளர்த்தி, காலுறையைக் கீழே இறக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. நேற்றைய நடையின் வீக்கம். மணியைப் பார்த்தாள், மேலே பாதையைப் பார்த்தாள், நாடாவைக் கட்டினாள். "இன்னிக்கு இவ்வளவுதான்மா. நாளைக்கு இறங்கணும், அதுக்குக் கால் வேணும்."

அவ்வழியே போன ஒரு குழுவினர், இவ்வளவு வந்துவிட்டு ஏன் திரும்புகிறீர்கள், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று இந்தியிலும் கையசைவிலும் வற்புறுத்தினார்கள். நல்ல மனது. இவள் சிரித்துக்கொண்டே அடுத்த தடவை என்றாள். பிரம்மகமலம் அதற்கும் மேலேதான் பூக்கும், அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெருமையான இடம் எது என்று கேட்டால் இந்தத் திருப்பத்தைத்தான் சொல்வேன். வீம்புக்கு ஏறியிருந்தால் ஏறியிருப்பாள், எனக்குத் தெரியும், அவளுடைய பிடிவாதம் சிறு வயதிலிருந்தே தெரிந்தது. வலியைக் கடித்துக்கொண்டு நடப்பது அவளுக்கு எளிது. கால் சொல்வதைக் கேட்டு, ஆசை இருக்கும்போதே நிறுத்துவதைத்தான் அவள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டாள். சிகிச்சையின்போது வைத்திருந்த ஊன்றுகோலை விட்ட புதிதில் ஒரே நாளில் அளவுக்கு மீறி நடந்து, வாரக்கணக்கில் படுத்த அனுபவம் உண்டு. இன்று என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. அவளுடைய கால், அவளுடைய கணக்கு.

மதியம் முழுக்கக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். சாயங்காலம் வீக்கம் பாதி வடிந்திருந்தது.

ஆறாம் நாள் – இறக்கம்

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள் முறிந்த காலோடு இறங்கிப் பார்த்ததில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கித் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அதில்தான் பிறகு வலி அதிகம். கூடவே கீழ்ப்படியில் கால் வைக்கும்போது மேலே இருக்கும் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும், அது மடங்காதவளுக்குக் குதிகால் முன்கூட்டியே எழும்பி, உடம்பு தடுமாறி முன்னால் விழப் பார்க்கும்.

காங்ரியாவுக்குக் கீழே இருக்கும் மூன்று கிலோமீட்டர் முழுக்க அப்படித்தான். காலையில் மழை விட்டிருந்தாலும் கல் ஈரம். முதலில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினாள், நண்டு நடை என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். ஊன்றுகோலின் உயரத்தைக் கூட்டிக்கொண்டாள், கீழ்ப்படியில் முன்னதாக ஊன்றினால்தான் எடை கைக்குப் போகும். மேலே ஏறிவரும் குதிரைகளுக்கு மலைப்பக்கம் ஒதுங்கி நிற்பாள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் இல்லை. ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் கையை நீட்டி என்னை நிற்கச் சொன்னாள். உட்கார்ந்தபடியே முழங்கால், கணுக்கால், பாதம் என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு" என்று எழுந்தாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.

பாலம் தாண்டியதும் சரிவு குறைந்தது. அங்கிருந்து நேராக முன்னோக்கி இறங்க ஆரம்பித்தாள், படிக்கு ஒரு கால், மாறி மாறி. என்னிடம் போனைக் கொடுத்து, பின்னாலிருந்து வீடியோ எடு, பாதம் தெரிகிற மாதிரி எடு என்றாள். முகம் வேண்டாமா என்றேன். "முகம் எதுக்கு?"

புல்னாவுக்கு இறங்கி, ஜீப் பிடித்து, இருட்டுவதற்குள் ஜோஷிமட் வந்துவிட்டோம். அறைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை அந்த வீடியோவைத் தன் பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்பியது. நன்றாக இறங்கிய துண்டை அனுப்புவாள் என்று நினைத்தேன். அவள் தேடித் தேடி எடுத்தது இடது குதிகால் சீக்கிரம் எழும்பும் துண்டு. "இதைச் சரி பண்ணணும், என்ன செய்யலாம்?" என்று கூடவே எழுதியிருந்தாள். பதில் உடனே வந்தது. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைக் கூட்ட வேண்டும், படியில் ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கும் பயிற்சியும் சேர்க்க வேண்டும், இன்னும் சில டிகிரி மடங்கும், விடாதே. அப்புறம் தனியாக ஒரு வரி, எங்கே எடுத்தது இந்த வீடியோ என்று. இவள் ஊர்ப் பெயரை அனுப்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து போனே வந்துவிட்டது. இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், அவரால் இந்த முறை வர முடியவில்லை. வழுக்கி விழுந்ததை மட்டும் அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாளை ரிஷிகேஷுக்கு இறங்குகிறோம், சாலையில் மண் சரியாமல் இருந்தால் ராத்திரிக்குள் போய்விடலாம். ஹேம்குண்டுக்கு அடுத்த வருஷம் வருவதாக முடிவாகிவிட்டது. காங்ரியாவில் ஏறிய மறுநாள் முழு ஓய்வு, பள்ளத்தாக்கு அதற்குப் பிறகு, இடையில் இன்னொரு ஓய்வு நாள், கடைசியாக ஏரி என்று அவள் இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.